பஸ் நின்ற எட்டு நாட்கள்



2018-ம் ஆண்டு ஜனவரி 4, வியாழக்கிழமை. பொங்கலுக்குச் சரியாகப் பத்து நாள் இருந்தது. அன்று சாயங்காலம் சென்னையில் ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றன. சில பஸ்களில் பயணிகளைப் பாதி வழியிலேயே இறக்கிவிட்டு, வண்டியை டிப்போவுக்குக் கொண்டுபோனார்கள். இரவுக்குள் செய்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மறுநாள் விடிந்தபோது நடப்பது வேலைநிறுத்தம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது ஜனவரி 11 வரை நீடித்தது.

உங்களில் சிலருக்கு அந்த நாட்கள் நன்றாக நினைவிருக்கும். சிலருக்கு அப்படி ஒன்று நடந்ததே மறந்திருக்கும். கீழ்த்தளத்தில் காரும் பைக்கும் நிற்கும்போது பஸ் நின்றது பெரிய விஷயமாகத் தெரியாமல் போவது இயல்பு. ஆனால் நம் வளாகத்துக்குள் காலை ஆறு மணிக்கு நுழையும் பலருக்கு அப்படி இல்லை. அந்த எட்டு நாட்களில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, செலவு யார் தலையில் விழுந்தது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அடுத்த முறை 'பஸ் ஓடாதாம்' என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வரும்போது இது உதவும்.

சென்னைக்கு ஒரே பஸ் கம்பெனி வந்த கதை

ஒரு கம்பெனி நின்றால் ஊரே நிற்கும் நிலை எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குவோம்.

சென்னையில் முதலில் ஓடியது டிராம். 1895-ல் தொடங்கி 1953 வரை ஓடியது. தனியார் பஸ்களும் ஓடின. சுதந்திரம் வந்த காலத்தில், 1940-களின் இறுதியில், நகரப் பஸ் சேவையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து சென்னை நகருக்குள் பஸ் என்றால் அரசு பஸ்தான்.

வெளியூர்களில் இன்னும் கால் நூற்றாண்டு தனியார் ஆட்சிதான் நடந்தது. பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை அரசு எடுத்துக்கொள்வதற்கான சட்டம் 1971-ல் வந்தது. அடுத்த ஆண்டே மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தின் பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. பொள்ளாச்சி ஆனைமலைஸ் பஸ்கள் சேரன் கழகத்துக்குப் போயின. கும்பகோணம் பக்கத்தில் சோழன் கழகம் உருவானது. சென்னையில் 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. 'பல்லவன்' என்ற பெயரை இன்றும் சொல்லும் பெரியவர்கள் நம் வளாகத்தில் இருப்பார்கள். 1994-ல் வடசென்னைக்கு டாக்டர் அம்பேத்கர் கழகம் தனியாகப் பிரிந்தது. 1997-ல் கழகங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எல்லாம் அரசு எடுத்துவிட்டது. பல்லவன் அப்போதுதான் மாநகரப் போக்குவரத்துக் கழகம், சுருக்கமாக எம்.டி.சி., ஆனது. 2001-ல் இரண்டு கழகங்களும் மறுபடி ஒன்றாயின.

சிறிய முதலாளிகளின் பஸ்களை அந்தச் சட்டம் தொடவில்லை. அதனால்தான் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம் போன்ற ஊர்களில் இன்றும் அரசு பஸ்ஸுக்கு முன்னும் பின்னும் தனியார் டவுன் பஸ் ஓடுகிறது. சென்னையிலும் நீலகிரியிலும் கன்னியாகுமரியிலும் பெரும்பாலும் அரசு பஸ் மட்டும்தான். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு நாள் கதையில் இது முக்கியமானது.

தகராறு எதைப் பற்றி?

செய்தித்தாள்களில் அப்போது அடிக்கடி வந்த எண்கள் இரண்டு: 2.57, 2.44.

போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊதிய ஒப்பந்தம் போடுவது வழக்கம். பழைய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிட்டது. புதியதற்கான பேச்சு ஒரு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது. இதற்கு நடுவில், 2017 அக்டோபரில், தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு ஏழாவது ஊதியக் குழுவின் அடிப்படையில் சம்பளம் உயர்த்தியது. பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 என்ற எண்ணால் பெருக்கினால் வருவது புதிய சம்பளம். பஸ் தொழிலாளர்கள் தங்களுக்கும் அதே 2.57 வேண்டும் என்றார்கள். அரசு 2.44 தருவதாகச் சொன்னது. பழைய அடிப்படைச் சம்பளம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கில் 25,700 வரும், இன்னொரு கணக்கில் 24,400 வரும். வித்தியாசம் மாதம் 1,300 ரூபாய்.

1,300 ரூபாய்க்காக ஊரை நிறுத்துவதா என்று அன்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் தகராறின் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி பழைய பாக்கி.

தொழிலாளியின் சம்பளத்தில் மாதாமாதம் வருங்கால வைப்பு நிதிக்கும், காப்பீட்டுப் பிரீமியத்துக்கும், கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் பிடித்தம் செய்கிறார்கள். பிடித்த பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் கழகங்களின் அன்றாடச் செலவுக்குப் போகிறது என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தன. ஓய்வு பெற்றவர்களுக்குப் பணிக்கொடை உரிய நேரத்தில் வரவில்லை. எல்லாம் சேர்ந்து பாக்கி ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் என்பது சங்கங்கள் சொன்ன கணக்கு. தொகையில் கருத்து வேறுபாடு இருந்தாலும் பாக்கி இருப்பதை அரசு மறுக்கவில்லை. இதே பாக்கிக்காக 2017 மே மாதத்திலும் ஒரு வேலைநிறுத்தம் நடந்து, பணம் தருவதாக அரசு சொன்ன பிறகு முடிந்தது.

கழகங்களிடம் ஏன் பணம் இல்லை? இங்கேதான் நாமும் கதைக்குள் வருகிறோம். பஸ் கட்டணம் 2011 நவம்பரில் ஏறியது. அதன் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் ஏறவில்லை. சென்னையில் சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாய். இந்தக் காலத்தில் டீசல் விலை பல மடை தாண்டிவிட்டது. 2013 ஜனவரியில், மொத்தமாக டீசல் வாங்குபவர்களுக்கு மானியம் இல்லை என்று மத்திய அரசு அறிவித்தபோது, நம் அரசு பஸ்கள் டிப்போவில் நிரப்புவதை விட்டுவிட்டு சாலையோர பங்க்குகளில் வரிசையில் நின்றன. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடே நீங்கியது. செலவு ஏறிக்கொண்டே போனது, டிக்கெட் விலை அப்படியே நின்றது. மாணவர்களின் இலவசப் பாஸ், லாபமே வராத கிராமத்து ரூட்டுகள் எல்லாம் வேறு இருந்தன. அரசு மானியம் கொடுத்தது. அது போதாத இடத்தில், தொழிலாளிக்குச் சேர வேண்டிய பணம் காத்திருந்தது.

அதாவது, அந்த ஆறு வருடங்கள் நாம் 3 ரூபாய்க்கு ஏறி இறங்கியதில் ஒரு பங்கை ஓட்டுநரும் நடத்துநரும் தங்கள் பாக்கியாகக் கொடுத்துவந்தார்கள். கட்டணத்தை ஏற்றினால் ஓட்டுப் போகும் என்று அரசுக்குத் தெரியும். சம்பளப் பாக்கியை நிறுத்திவைத்தால் வெளியே யாருக்கும் உடனே தெரியாது. தெரியவந்த நாள்தான் ஜனவரி 4.

தெருவில் நின்றவர்கள்

அன்று குரோம்பேட்டையில் நடந்த பேச்சுவார்த்தை முறிந்தது. தி.மு.க.வின் தொ.மு.ச., சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி. உள்ளிட்ட சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆளும் அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கப் பேரவையும் வேறு சில சங்கங்களும் 2.44-ஐ ஏற்றுக் கையெழுத்துப் போட்டன. மாநிலத்தின் எட்டுப் போக்குவரத்துக் கழகங்களிலும் சேர்த்துச் சுமார் 22,000 பஸ்கள். அவற்றில் பெரும்பகுதி முதல் சில நாட்கள் டிப்போவை விட்டு வெளியே வரவில்லை.

சங்கங்கள் முன்பே நோட்டீஸ் கொடுத்திருந்தன. ஆனால் பயணிக்கு அந்த நோட்டீஸ் போய்ச் சேரவில்லை. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில், கையில் டிக்கெட்டோடு நடுவழியில் இறங்கியவருக்கு 2.57-ம் தெரியாது, 2.44-ம் தெரியாது. பயணிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது. அதைத் தொழிலாளர் பக்கம் நிற்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

யாருக்கு அதிக அடி? பஸ்ஸை விட்டால் வேறு வழி இல்லாதவர்களுக்கு. அவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள நகரத்தின் இன்னொரு வரலாற்றைத் தொட வேண்டும். 2000-ம் ஆண்டிலிருந்து, கூவம், அடையாறு கரையோரங்களிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்துக்கும் அரசு இடம் மாற்றியது. வீடு தெற்கே போனது, வேலை நகருக்குள்ளேயே இருந்தது. வீட்டு வேலை, சமையல், துப்புரவு, செக்யூரிட்டி, கட்டட வேலை என்று தினமும் நகருக்குள் வந்து போகிறவர்கள் அவர்கள். அங்கே ரயில் கிடையாது. அதிகாலை பஸ்தான் வழி.

அந்த பஸ் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஷேர் ஆட்டோவில் இரண்டு மூன்று வண்டி மாறி வர வேண்டும். போக வர ஆகும் செலவு, ஒரு வீட்டில் ஒரு நாளுக்குக் கிடைக்கும் சம்பளத்தையே விழுங்கிவிடும். வராவிட்டால் லீவு. ஒரு நாள் லீவு என்றால் பொறுத்துக்கொள்ளும் வீடுகள், நான்காம் நாளில் 'வேற ஆள் பாத்துக்கறோம்' என்று சொல்லத் தொடங்கும். மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு வேலைநிறுத்தம் ஒரு தொந்தரவு. தினக்கூலிக்காரருக்கு அது அடுப்பை அணைக்கிற விஷயம்.

அரசு தற்காலிக ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் எடுத்துக் கொஞ்சம் பஸ்களை ஓட்டியது. லாரியும் வேனும் ஓட்டியவர்கள் திடீரென்று மாநகரப் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். ரூட் தெரியாது, நிறுத்தம் தெரியாது. எந்த ஸ்டேஜுக்கு எவ்வளவு டிக்கெட் என்று புது நடத்துநருக்குத் தெரியாமல், பயணிகளே சொல்லிக்கொடுத்த நிலை. சில ஊர்களில் விபத்துகளும் நடந்தன. கனரக வண்டி லைசென்ஸ் இருந்தால் போதும், பஸ் ஓட்டிவிடலாம் என்ற எண்ணம் அந்த வாரத்தில் கலைந்துபோனது.

பக்கத்து வண்டிகளுக்கு என்ன ஆனது?

ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்குக் கூட்டம் போகும். பஸ் விஷயத்தில் இது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதலில் புறநகர் ரயில். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிறது. அம்பத்தூர், ஆவடி, கும்மிடிப்பூண்டி பக்கமும் ரயில் உண்டு. வேளச்சேரி வரை பறக்கும் ரயில் 2007-ல் வந்துவிட்டது. அந்த எட்டு நாட்களும் இவற்றில் காலை வைக்க இடமில்லை. ஆனால் ரயிலின் பலவீனம் அது போகும் கோட்டில்தான் போகும் என்பது. ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்குப் போவதற்கு மறுபடி பஸ்தான் வேண்டும். ரயிலும் பஸ்ஸும் போட்டியாளர்கள் என்று நினைக்கிறோம். பஸ் நின்றபோது ரயிலின் பாதிப் பயன் குறைந்துபோனது.

அடுத்து மெட்ரோ. 2015 ஜூனில் கோயம்பேடு - ஆலந்தூர் தடத்தில் தொடங்கிய மெட்ரோ, 2018 ஜனவரியில் ஒருபக்கம் நேரு பூங்கா வரை, இன்னொரு பக்கம் சின்னமலை வரைதான் வந்திருந்தது. சென்ட்ரலைத் தொட்டது அந்த ஆண்டு மே மாதம். அண்ணா சாலையின் பெரும்பகுதிக்கும் வடசென்னைக்கும் அது இன்னும் போகவில்லை. புதிய பயணிகள் சிலர் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.

ஷேர் ஆட்டோக்களுக்குத்தான் அது அறுவடைக் காலம். இதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏற்றி இறக்க 'ஸ்டேஜ் கேரியேஜ்' பெர்மிட் வேண்டும். சென்னையில் அந்த பெர்மிட் அரசு பஸ்ஸிடம் இருக்கிறது. ஷேர் ஆட்டோக்களுக்கு இருப்பது ஒப்பந்த வண்டி பெர்மிட். ஒரு இடத்தில் ஏற்றி இன்னொரு இடத்தில் இறக்கத்தான் அனுமதி. வழக்கமான நாளிலேயே இதைக் கண்டும் காணாமல் விடுவார்கள். வேலைநிறுத்த நாளில் யார் கேட்கப்போகிறார்கள்? ஐந்து பேர் ஏறும் இடத்தில் எட்டுப் பேர், பத்து ரூபாய் தூரத்துக்கு இருபது முப்பது என்று போனது. ஆட்டோக்காரரைத் திட்டுவது எளிது. ஆனால் அவரும் இல்லாவிட்டால் அந்த வாரம் நகரம் இன்னும் மோசமாகத் தவித்திருக்கும்.

கோயம்புத்தூர், திருப்பூர், சேலம் பக்கங்களில் தனியார் பஸ்கள் ஓடின. படியிலும் கூரையிலும் கூட்டத்தோடு ஓடின. ஆனால் தனியார் பஸ்ஸின் பெர்மிட் ஒரு ரூட்டுக்கும் ஒரு நேரத்துக்கும் கட்டுப்பட்டது. அது ஓடாத ரூட்டுகள், அதாவது வருமானம் வராத ரூட்டுகள், அரசு பஸ்ஸை மட்டும் நம்பியிருந்தன. மலையடிவாரக் கிராமத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை போகும் பஸ்ஸுக்கு மாற்றாக எந்தத் தனியார் வண்டியும் வரவில்லை. 'தனியார் இருந்தால் வேலைநிறுத்தப் பிரச்சினையே இருக்காது' என்று அன்று சொன்னவர்கள், தனியார் இருந்த மாவட்டங்களில் எந்தக் கிராமத்துக்கு பஸ் வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்த்திருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

வெளியூர்ப் பயணத்தில் ஆம்னி பஸ்களுக்குப் பொங்கல் நேரமும் சேர்ந்துகொண்டது. கட்டணம் எகிறியது. அண்டை மாநிலங்களின் அரசு பஸ்கள் மாநிலங்களுக்கு இடையிலான ஒப்பந்தப்படி தங்கள் ரூட்டில் வர முடியும். ஆனால் தமிழ்நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டி நம் பஸ்ஸின் இடத்தை நிரப்ப அவற்றுக்கு வழியில்லை. ஓசூர்க்காரருக்கு பெங்களூரு பஸ் உதவியது.

கார் வைத்திருப்பவர்களுக்கும் பஸ் தேவை

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிநாட்டுக்குப் போய்வருவோம். நம் ஊரில் யாரும் சரியாக அளந்து பார்க்காத ஒன்றை அங்கே அளந்திருக்கிறார்கள்.

2003 அக்டோபரில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பஸ், ரயில் பராமரிப்புத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஓட்டுநர்களும் அவர்களோடு நின்றார்கள். 35 நாள் பெரிய கம்பெனியின் வண்டிகள் ஓடவில்லை. சாண்டா மோனிகா போன்ற பக்கத்து நகராட்சிகளின் சிறிய பஸ் சேவைகள் ஓடின, திணறின. அந்த ஊரில் பெரும்பாலானவர்கள் காரில்தான் போகிறார்கள். பஸ் பயணிகள் சிறுபான்மை. அதனால் சாலையில் பெரிய மாற்றம் இருக்காது என்றுதான் தோன்றும். மைக்கேல் ஆண்டர்சன் என்ற பொருளாதார அறிஞர் நெடுஞ்சாலைத் தரவுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். 2014-ல் வெளியான அவருடைய ஆய்வின்படி, அந்த நாட்களில் நெடுஞ்சாலைத் தாமதம் சராசரியாக 47 சதவீதம் கூடியிருந்தது. காரணம் எளிது. பஸ்ஸில் போகிறவர்கள் பெரும்பாலும் நெரிசல் அதிகமான சாலையில், நெரிசல் அதிகமான நேரத்தில் போகிறவர்கள். அவர்களில் கொஞ்சம் பேர் காரை எடுத்தாலே சாலை அடைத்துக்கொள்ளும்.

2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயிலில் இரண்டு நாள் வேலைநிறுத்தம். சில நிலையங்கள் மூடியதால் மக்கள் வேறு வழிகளைத் தேடிப் போனார்கள். பிறகு பயண அட்டைத் தரவுகளை ஆராய்ந்தபோது, சுமார் 5 சதவீதம் பேர் பழைய வழிக்குத் திரும்பவே இல்லை என்று தெரிந்தது. கட்டாயத்தின் பேரில் கண்டுபிடித்த புது வழி அவர்களுக்கு நல்லதாக இருந்தது.

லண்டன்காரர் ஒரு ரயிலை விட்டு இன்னொரு ரயிலுக்கு மாறினார். நம் ஊரில் பஸ்ஸை விட்டவர் பெரும்பாலும் பைக்குக்கு மாறுகிறார். தவணையில் ஒரு முறை பைக் வாங்கிவிட்டால், பஸ் மறுபடி ஓடினாலும் அவர் திரும்பி வரமாட்டார். பஸ் கழகத்தின் வருமானம் குறையும், சாலையில் ஒரு வண்டி கூடும். ஒவ்வொரு வேலைநிறுத்தமும் இப்படிக் கொஞ்சம் பேரை நிரந்தரமாக இழக்கிறது. அந்த இழப்பு அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையில் 'பணம் இல்லை' என்ற பதிலாக வந்து நிற்கிறது.

முடிவும், அதற்குப் பிறகும்

ஜனவரி 5-ம் தேதியே சென்னை உயர் நீதிமன்றம் வேலைநிறுத்தத்துக்குத் தடை விதித்தது. தொழிலாளர்கள் திரும்பவில்லை. 10-ம் தேதி, ஓய்வு பெற்றவர்களின் பாக்கிக்காக 750 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அரசு அறிவித்தது. 11-ம் தேதி நீதிமன்றம், ஓய்வு பெற்ற நீதிபதி இ.பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்தது. சங்கங்கள் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கின. 12-ம் தேதி பஸ்கள் ஓடின. மறுநாள் போகி.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வாரமே, ஜனவரி 20-ல், பஸ் கட்டணம் உயர்ந்தது. ஆறு வருடம் தள்ளிப்போட்ட உயர்வு ஒரே நாளில் வந்து விழுந்தது. சென்னை சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய், அதிகபட்சம் 14 ரூபாயிலிருந்து 23 ரூபாய். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாத முடிவுக்குள் அரசு கட்டணத்தை ஓரளவு குறைத்தது. ஆனாலும் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது, புறநகர் ரயிலில் கூடியது.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆறு வருடம் பாக்கியைத் தாங்கியவர் தொழிலாளி. எட்டு நாள் தெருவில் நின்றவர் பயணி. கடைசியில் கட்டண உயர்வைக் கட்டியவரும் அதே பயணி. ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கட்டணம் ஏறியிருந்தால், அல்லது அரசு மானியத்தை முழுமையாக, நேரத்துக்குக் கொடுத்திருந்தால், இந்த மூன்றும் ஒரே மாதத்தில் வந்திருக்காது. வேலைநிறுத்தம் அந்த வாரத்தில் திடீரென்று பிறக்கவில்லை. பல வருடம் தள்ளிப்போட்ட பில் அது.

2024 ஜனவரி 9-ல் மறுபடி ஒரு வேலைநிறுத்தம். மறுபடி பொங்கலுக்கு முன்பு. இந்த முறை ஆட்சியில் தி.மு.க. 2018-ல் போராடிய தொ.மு.ச. பஸ்ஸை ஓட்டியது. 2018-ல் பஸ்ஸை ஓட்டிய அண்ணா தொழிற்சங்கப் பேரவை, சி.ஐ.டி.யு.வோடு சேர்ந்து போராடியது. ஓய்வூதியர்களின் அகவிலைப்படி பாக்கி, காலிப் பணியிடங்கள், புதிய ஊதிய ஒப்பந்தம் என்று கோரிக்கைகள் பழைய மாதிரியே இருந்தன. பஸ்களில் பெரும்பகுதி ஓடியதால் பாதிப்பு குறைவு. மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட, ஜனவரி 19 வரை ஒத்திவைத்தார்கள்.

நடுவில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் பெண்களுக்கு மாதம் சில நூறு ரூபாய் மிச்சமாகிறது. அதனாலேயே, பஸ் நிற்கும் ஒரு நாளின் சுமையும் அவர்களுக்கு இன்று கூடியிருக்கிறது. ஒன்றும் செலவில்லாமல் வந்தவர், அன்று நூறு ரூபாய் தேட வேண்டும்.

நம்மால் ஆகக்கூடியது

ஊதிய ஒப்பந்தம் நம் கையில் இல்லை. நம் வாசலுக்கு உள்ளே நடப்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறைக்காகச் சில யோசனைகள்:

வேலைநிறுத்த நாளில் வர முடியாதவர்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். தாமதமாக வந்தால் காரணம் கேட்க வேண்டாம், காரணம் எல்லோருக்கும் தெரியும்.

வருகிறவருக்கு ஆட்டோ செலவைக் கொடுங்கள். ஒரே அம்மா மூன்று வீட்டில் வேலை செய்தால் மூன்று வீடும் பகிர்ந்துகொள்ளலாம். முன்பணம் கேட்டால் கொடுத்து உதவுங்கள்.

இரவுப் பணி முடிந்த செக்யூரிட்டி ஊழியர்கள் வீட்டுக்குப் போக முடியாமல் அடுத்த ஷிஃப்டையும் சேர்த்துப் பார்க்கும் நிலை வரும். அவர்கள் படுக்க ஓர் இடம், சாப்பாடு, கூடுதல் நேரத்துக்கான கூலி ஆகியவற்றைச் சங்கம் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கலாம்.

ஒரே திசையில் அலுவலகம் போகிறவர்கள் ஒரு காரில் போகலாம். குழுவில் முதல் நாள் இரவே பட்டியல் போட்டால் காலையில் குழப்பம் இருக்காது. காரில் ஓர் இடம் காலியாக இருந்தால், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் நம் வளாக ஊழியரை ஏற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பஸ் ஓடுகிற நாட்களில் பஸ்ஸைப் பற்றிப் பேசுவோம். நம் நிறுத்தத்தில் நிழற்குடை இருக்கிறதா, காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, எந்த ரூட் குறைந்துவிட்டது என்று கேட்டு எழுதும் குடியிருப்போர் சங்கங்கள் மிகக் குறைவு. தண்ணீர், குப்பை, தெருவிளக்குக்கு மனு கொடுக்கும் நாம், பஸ்ஸுக்கும் ஒன்று கொடுக்கலாம். கார் வைத்திருப்பவர்களும் அதில் கையெழுத்துப் போடலாம். அவர்கள் போகும் சாலையைக் காலியாக வைத்திருப்பது அந்த பஸ்தான்.